வாய்க்கால் கரையில் மஞ்சள் பூ: இது பொற்றலைக் கையாந்தகரைதானா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். குடமுருட்டித் தண்ணீர் வரும் ஒரு கிளை வாய்க்கால் எங்கள் வயலை ஒட்டிப் போகிறது. மதகுக்குக் கீழே, கோடையிலும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும் ஓரிடம் உண்டு. அங்கே அருகம்புல்லுக்கும் கோரைக்கும் நடுவே தரையோடு படர்ந்து ஒரு செடி பூத்திருக்கிறது. பூ ஒரு ரூபாய்க் காசு அகலம். நல்ல மஞ்சள், சூரியகாந்தியின் குட்டி மாதிரி. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

கேட்பதற்குக் காரணம் அம்மா. மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கீரை வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொற்றலைக் கையாந்தகரை என்பதும் அதுதான். எங்கள் வீட்டில் அதைக் ‘கையாந்தரை’ என்றுதான் சொல்வோம். போன மாதம் ஒரு செடிக்கடையில் கேட்டேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லியே ஒரு தொட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, “பூ அது மாதிரி இருக்கு. ஆனா இது கையாந்தரை இல்லை” என்று சொல்லிவிட்டார். ஏன் இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. “தெரியுது, அவ்வளவுதான்” என்கிறார்.

இப்போது வாய்க்கால் கரையில் பார்த்ததுதான் உண்மையான செடியா? முழங்கால் வலியால் அம்மாவால் அவ்வளவு தூரம் நடந்து வர முடியாது. தெரியாததைப் பறித்துக்கொண்டுபோய்ச் சமைக்கவும் பயமாக இருக்கிறது. அடையாளம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மாடித்தோட்டம்:

இது மஞ்சள் கரிசலாங்கண்ணியேதான். சந்தேகமே வேண்டாம். மதுரையில் எங்கள் மாடியில் இரண்டு வருடமாக இருக்கிறது, படம் 3-ல் உள்ள அதே செடி. தண்ணீர் ஊற்றினால் போதும், தொட்டியைத் தாண்டி வழிந்து படரும். உங்கள் அம்மா பார்த்து நாளாகிவிட்டதால் மறந்திருக்கலாம். கடையில் வாங்கியதும் கரையில் இருப்பதும் ஒன்றுதான்.

கீரைக்கட்டு:

தம்பி, அம்மா சொன்னதை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். சின்ன வயதில் பறித்த கைக்குச் செடி மறக்காது.

நான் வடலூர்ப் பக்கம். எங்கள் பகுதியில் இந்தக் கீரைக்குத் தனி மரியாதை உண்டு. அன்றாட ஒழுக்கங்களைச் சொல்லும் நித்திய கரும விதியில் வள்ளலார் பொற்றலைக் கையாந்தகரையைத் தூதுளை, முசுமுசுக்கை, சீரகத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதனால் சன்மார்க்கக் குடும்பங்களில் இன்றும் நிழலில் உலர்த்திப் பொடியாக வைத்திருப்பார்கள். பொற்றலை என்றால் பொன் தலை. கொடி தரையில் கிடக்கும். பூக்காம்பு மட்டும் எழும்பி, உச்சியில் ஒரே ஒரு பூவைத் தாங்கி நிற்கும். பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி எங்கேயும் கிடைக்கிறது. அதை அடையாளம் காண்பதும் சுலபம். இலையைக் கசக்கி உள்ளங்கையில் வைத்தால் சற்று நேரத்தில் சாறு கறுத்துவிடும். மஞ்சள்தான் அரிதாகிக்கொண்டே போகிறது. சந்தையில் மஞ்சள் என்று சொல்லிக் கட்டுக் கட்டாக வருவதில் பாதியை நான் வாங்குவதே இல்லை. இலை தடித்துப் பளபளவென்று இருக்கும். எனக்கு ஒப்பாது.

உங்கள் படம் 1 என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் நான் செடிநூல் படித்தவள் இல்லை. படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லட்டும்.

நாலுகால்மண்டபம்:

கிணற்றடிப்பூண்டாக இருக்குமோ? வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்வார்கள். அதற்கும் நீண்ட காம்பில் ஒற்றைப் பூதான். எங்கள் தெரு முழுக்க இருக்கிறது.

இலைநரம்பு:

கிணற்றடிப்பூண்டு இல்லை. அதன் ஓர இதழ்கள் வெளிறிய மஞ்சளாக, ஐந்தாறுதான் இருக்கும். இலையில் வெட்டு வெட்டாகப் பல் ஆழமாக இருக்கும். காய்ந்த இடங்களில்தான் அதிகம் பார்க்கலாம். பூ முற்றினால் விதையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கும். நீங்கள் காட்டும் செடியின் விதையில் அந்தப் பஞ்சு இருக்காது.

இப்போது படங்களுக்கு வருகிறேன். மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கருத்தில் படம் 1, 2 ஒரு செடி. படம் 3 வேறு செடி. மூன்றும் ஒரே இடத்தில் எடுத்தவையா?

பூவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டிலும் பூ கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். நிறம், அகலம், காம்பு நீளம் மூன்றுமே ஏமாற்றும். இலையைப் பாருங்கள். நாட்டுச் செடியின், அதாவது மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, ஏறத்தாழ விரல் அகலம். பெரும்பாலும் 1 முதல் 1.5 சென்டிமீட்டருக்குள் அடங்கும். நீளம் 3 முதல் 7 வரை போகலாம். விளிம்பு வெறுமையாக இருக்கும், அல்லது பக்கத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை ஆழமில்லாத பற்கள் இருக்கும். இரண்டு பக்கமும் படிந்த முடி உண்டு. அதனால் தடவினால் சொரசொரக்கும், வெயிலில் மின்னாது.

அலங்காரத்துக்கு வளர்க்கும் வெளிநாட்டுச் செடியின் இலை அகலம், 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை. நுனிப் பக்கம் அகன்று, இரண்டு பக்கமும் காது முளைத்தது போல மூன்று மடலாகப் பிரியும். சற்றே சதைப்பற்று, மேலே பளபளப்பு. படம் 3-ல் வலது மூலையில் இருக்கும் இலையைப் பாருங்கள், காது தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. நிழலில் வளர்ந்தாலோ, வெட்டுப்பட்டுப் புதிதாகத் துளிர்த்தாலோ, வெளிநாட்டுச் செடியிலும் சில இலைகளில் மடல் இருக்காது. ஒற்றை இலையைக் கிள்ளிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஒரு கொடியைப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை பத்து இலையாவது பார்க்க வேண்டும்.

முடிந்தால் இன்னொரு முறை போய் இலையின் மேல்புறம், அடிப்புறம், பூவின் பின்பக்கம் மூன்றையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். பூவைப் படமெடுப்பவர்கள் எல்லோரும் முகத்தை எடுத்துவிட்டு முதுகை விட்டுவிடுகிறார்கள். பாதி அடையாளம் முதுகில்தான் இருக்கிறது.

குடமுருட்டிக்கரை:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. படம் 1, 2 மதகுக்குக் கீழே எடுத்தவை. படம் 3 கொஞ்சம் மேலே, ரோட்டுப் பாலத்தடியில் எடுத்தது. அங்கே வெளிச்சம் நன்றாக இருந்ததால் அதையும் சேர்த்தேன். ஒரே செடி என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலோடு போகிறேன்.

மாடித்தோட்டம்:

எனக்கு இது புரியவில்லை. செடி அடையாளம் சொல்லும் செயலியில் என் செடியைக் காட்டினேன், வெடேலியா என்று வந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தேடினாலும் வெடேலியா என்றுதான் வருகிறது. பெயர் ஒன்றாக இருக்கும்போது செடி எப்படி இரண்டாகும்? இரண்டு வருடமாக இதைத்தான் வாரம் ஒருமுறை பொரியல் செய்கிறோம்.

இலைநரம்பு:

நியாயமான கேள்வி. குழப்பத்துக்குக் காரணமே அந்தப் பெயர்தான்.

வெடேலியா என்பது பேரினத்தின் பெயர், குடும்பப் பெயர் மாதிரி. ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கியோர்க் வோல்ஃப்காங் வெடல் நினைவாக வைத்தது. நம் நாட்டுச் செடி நெடுங்காலம் வெடேலியா காலெண்டுலேசியா என்றும், வெடேலியா சைனென்சிஸ் என்றும் எழுதப்பட்டது. வெளிநாட்டுச் செடி வெடேலியா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல் கொண்டது. அந்தப் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. 1996-ல் புரூஸ்கி என்ற தாவரவியலாளர் இரண்டையும் ஸ்பேக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார். ஆகவே இப்போதைய பெயர்கள் ஸ்பேக்னெட்டிகோலா காலெண்டுலேசியா, ஸ்பேக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. பெயர் மாறினாலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. செயலியும் கடைக்காரரும் முதல் சொல்லோடு நின்றுவிட்டால் வித்தியாசம் போய்விடும்.

காலெண்டுலேசியா இந்தியா, இலங்கையிலிருந்து சீனா, ஜப்பான் வரை ஈரமான புல்வெளி, வயல்வரப்பு, ஓடைக்கரை எங்கும் இயல்பாக வளரும் செடி. டிரைலோபேட்டாவின் சொந்த இடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. தரைமூடிச் செடியாக உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டெய்சி என்றும் விற்பார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் அதுவும் ஒன்று.

கரிசலாங்கண்ணிக்கு நம் மருத்துவ மரபு சொல்லும் குணங்கள் நாட்டுச் செடியைப் பற்றியவை. அவற்றை அப்படியே டிரைலோபேட்டாவுக்கு மாற்றிச் சொல்வதற்கு அடிப்படை இல்லை. அதை நம்மூரில் யாரும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்ததில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவேன்.

வேதிக்குடுவை:

இந்தச் செடிக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சொல்லாமல் போக மனமில்லை.

வேதியியல் படித்தவர்கள் வெடேலோலாக்டோன் என்ற சேர்மத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கரிசலாங்கண்ணி பற்றிய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். அதன் மூலக்கூறு அமைப்பை 1956-ல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியும், அவரோடு பணியாற்றிய நாகராஜன், பாய் ஆகியோரும். எந்தச் செடியிலிருந்து பிரித்தார்கள்? வெடேலியா காலெண்டுலேசியாவிலிருந்து. குடமுருட்டிக்கரை அண்ணன் படம் 1-ல் காட்டும் செடி அதுதான் என்றால், அந்தச் சேர்மத்தின் பெயரில் உள்ள ‘வெடேலோ’ இந்தச் செடியிலிருந்து வந்தது.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே வெடேலோலாக்டோன் இருக்கிறது. அது வேறு பேரினம், எக்லிப்டா. பூவின் நிறம் வேறு, வளரும் விதம் வேறு. இருந்தும் இரண்டையும் கையாந்தகரை என்ற ஒரே பெயரில் சேர்த்து, மஞ்சளுக்குப் ‘பொற்றலை’ என்று முன்னொட்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.

குடமுருட்டிக்கரை:

ஞாயிறு காலை ஆறரைக்கே போய்விட்டேன். பத்துப் படம் இணைத்திருக்கிறேன். பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மதகடி. கரையில் முழங்காலூன்றி உட்கார்ந்து, ஒரு கொடியை மெதுவாக இழுத்தேன். முழுதாக வரவில்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது, வெள்ளை வேர், ஈர மண்ணோடு. இலைகள் எதிரெதிராக இருக்கின்றன, காம்பு என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு இலை அளந்தேன். நீளம் 4-லிருந்து 6 சென்டிமீட்டர். அகலம் எதுவும் ஒன்றரையைத் தாண்டவில்லை. ஏழு இலையில் பக்கத்துக்கு ஒரு பல், மூன்றில் இரண்டு பல், இரண்டில் பல்லே இல்லை. ஒன்றில்கூடக் காது இல்லை.

தடவிப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் விரலில் பிடிக்கிறது. உப்புத்தாள் அளவுக்கு இல்லை, பழைய உப்புத்தாள் என்று சொல்லலாம். போனை ஒட்டி வைத்து எடுத்தபோதுதான் முடி தெரிந்தது. எல்லாம் நுனியைப் பார்த்துப் படுத்திருக்கிறது (படம் 4).

பூவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பச்சையாக ஐந்து பட்டை, குட்டி இலை மாதிரியே அகலமாக, பூவைக் கிண்ணம் போலப் பிடித்திருக்கிறது (படம் 6). ஓர இதழ்கள் ஒரு பூவில் 9, ஒன்றில் 8, இன்னொன்றில் 10. ஒவ்வொரு இதழ் நுனியிலும் இரண்டோ மூன்றோ சின்ன வெட்டு. காம்பு 8 சென்டிமீட்டர்.

அப்புறம் பாலத்தடி. இருபது அடி தள்ளி நின்றே வித்தியாசம் தெரிந்துவிட்டது. போன வாரம் எப்படித் தெரியாமல் போனது என்று இப்போது தோன்றுகிறது. இலை எல்லாம் எண்ணெய் தடவியது போல மின்னுகிறது. அகலம் 4 சென்டிமீட்டர், காது நன்றாகத் தெரிகிறது. தண்டு தடிமன். நிழலான உள்பக்கத்தில் காதில்லாத இலைகளும் இருந்தன, நீங்கள் சொன்ன அதே மாதிரி. வீட்டுத் தொட்டியிலிருந்து ஓர் இலை கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் வைத்தால் ஒரே இலை (படம் 9).

பாலச் சுவரிலிருந்து ஒரு கொடி தொங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால், ஒரு மண்டபத்தின் மதில் முழுக்க இதே செடியைத்தான் அழகுக்கு வளர்த்திருக்கிறார்கள். வெட்டிய கிளைகளை வாய்க்கால் ஓரத்தில் கொட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பாலத்துக்கும் மதகுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். 140 தப்படி.

இலைநரம்பு:

அருமை. படம் 4, 6 இரண்டும் போதும். மதகடியில் இருப்பது காலெண்டுலேசியா, நம் பொற்றலைக் கையாந்தகரை. பாலத்தடியிலும் உங்கள் தொட்டியிலும் இருப்பது டிரைலோபேட்டா. எனக்கு இதில் ஐயமில்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால், பூவோடும் கணு வேரோடும் ஒரு துண்டைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் சரியான இடம்.

எனக்குக் கவலை தருவது அந்த 140 தப்படி. டிரைலோபேட்டா பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை, தண்டால் பரவுகிறது. ஒரு கணு உள்ள துண்டு தண்ணீரில் மிதந்து போய் ஈர மண்ணில் ஒதுங்கினால் போதும். தண்ணீர் பாலத்திலிருந்து மதகுக்குத்தான் ஓடுகிறது. ஒதுங்கினால் தரையைப் பாய் விரித்தது போல மூடிவிடும். அதனடியில் கோரைகூடத் தலைதூக்காது.

இன்னொன்றும் உண்டு. தென்சீனாவில் இரண்டு இனங்களும் அருகருகே வளரும் இடங்களில் கலப்புச் செடிகள் உண்டாகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டும் கலந்துவிட்டால் அப்புறம் இலையைப் பார்த்துச் சொல்வதும் கடினமாகிவிடும்.

பாலத்தடிப் படர்வு இன்னும் சின்னதாக இருந்தால் கையாலேயே எடுத்துவிடலாம். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். ஒரு துண்டும் தண்ணீரில் விழக்கூடாது. கீழே ஒரு பழைய கொசுவலையைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். பிடுங்கியதைக் குப்பைக் குழியில் போடாமல் சிமெண்டுத் தரையில் பரப்பிச் சருகாகும் வரை காய விடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், விட்டுப்போன கணு கட்டாயம் துளிர்க்கும்.

பச்சைவரப்பு:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். இந்த இழையைப் படித்ததும் இன்று எங்கள் வரப்புகளைச் சுற்றி வந்தேன். என் அப்பா காலத்தில் கையாந்தகரை இல்லாத வரப்பு கிடையாது. நடவுக்கு முன்னால் மண்வெட்டியால் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது கொடி துண்டு துண்டாகிச் சேற்றில் விழும். பதினைந்து நாளில் அத்தனை துண்டும் வேர்பிடித்துவிடும். வெட்ட வெட்ட வளர்ந்த செடி அது. கணுவேர் பிடித்துக் கிடப்பதால் வரப்பும் சரியாது.

மண்வெட்டி அதை அழிக்கவில்லை. களைக்கொல்லி வந்த பிறகுதான் போனது. அண்டை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று வரப்புக்கு மருந்து அடிக்கத் தொடங்கினோம், நானும் அடித்திருக்கிறேன். அதோடு வல்லாரை, பொடுதலை, கையாந்தகரை எல்லாம் சேர்ந்து போயின. வாய்க்காலுக்கு சிமெண்டுக் கரை போட்ட இடங்களில் ஈரம் கசியும் மண்ணே இல்லை, செடி எங்கே நிற்கும்?

இன்று தேடியதில் ஒரே ஓரிடத்தில் கிடைத்தது. மருந்து படாத கோயில் குளத்துக்குப் போகும் வாரியில். இலை அளந்து பார்த்துவிட்டேன், ஒரு சென்டிமீட்டர்தான், சொரசொரப்பும் இருக்கிறது.

குடமுருட்டிக்கரை தம்பிக்கு ஒரு யோசனை. மதகடியில் இருப்பதை வேரோடு பெயர்க்காதீர்கள். மூன்று நான்கு கணு உள்ள நுனித் துண்டுகளை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, சேறாகக் குழைத்த மண்ணில் படுக்க வைத்து, நடுக்கணுக்களை மூடுங்கள். அகலமான தொட்டி நல்லது. ஈரம் விடக்கூடாது. காலை வெயில் படும் இடம் போதும்.

மழைக்காலவன்னி:

நான் கிளிநொச்சி, இப்போது வேலைக்காகக் கண்டியில் இருக்கிறேன். இங்கே மேட்டு ரோட்டோரங்களில் டிரைலோபேட்டா எங்கும் படர்ந்து கிடக்கிறது. மண் சரியாமல் பிடிக்கும் என்று நட்டது, இப்போது ஓடை வழியே கீழே இறங்கிவிட்டது. இலங்கையிலும் அதை ஆக்கிரமிப்புச் செடி என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

சிங்களத்தில் வெள்ளைப் பூ உள்ளதைக் கீக்கிரிந்திய என்பார்கள். மஞ்சளுக்கு ‘ரன்வன்’ சேர்ப்பார்கள். ரன்வன் என்றால் பொன்னிறம். தமிழில் பொற்றலை என்று மேலே அக்கா எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டு மொழிக்காரரும் ஒரே பூவைப் பார்த்து ஒரே பொன்னைச் சொல்லியிருக்கிறோம். என்னுடன் வேலை செய்யும் சிங்கள நண்பருக்கும் இந்த இலை வித்தியாசத்தைக் காட்டினேன். அவரும் தன் வீட்டுச் செடி எது என்று பார்க்கப் போயிருக்கிறார்.

மாடித்தோட்டம்:

என் செடியை ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 3.5. காது இருக்கிறது, மின்னுகிறது. டிரைலோபேட்டாதான். முதலில் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும், அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை, ஆனாலும் பொரியலை நிறுத்திவிட்டோம். தெருவில் நான்கு வீட்டுக்குத் துண்டு கொடுத்திருக்கிறேன். அவர்களிடமும் போய்ச் சொல்ல வேண்டும். பச்சைவரப்பு அண்ணா, உங்களிடம் நாட்டுச் செடி பெருகியதும் இரண்டு துண்டு கிடைக்குமா? மதுரையிலிருந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கீரைக்கட்டு:

சமைக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வாய்க்காலில் சாக்கடை கலக்கும் இடத்திலும், மருந்தடித்த வயலின் வடிகாலிலும் பறிக்க வேண்டாம். ஈர இடத்துச் செடி என்பதால் தண்ணீரில் இருப்பதெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். தொட்டியில் வளர்த்துப் பறிப்பதுதான் நிம்மதி. இளம் இலையும் நுனியும் மட்டும் எடுங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்குங்கள். பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, அதில் கீரை, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சீரகம். மூடி போடாமல் வேகவிட்டுக் கடைசியில் தேங்காய். பருப்போடு சேரும்போது கீரையின் கைப்பு அடங்கிவிடும்.

மஞ்சள் காமாலை என்றால் இந்தக் கீரையைத் தேடி அலைவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். சித்த மருத்துவரே ஆனாலும் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். கீரை அதற்குப் பிறகு.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மதகடியிலிருந்து ஒரு கைப்பிடி நுனி கிள்ளிக்கொண்டு வந்தேன். என்ன செடி என்று சொல்லாமல் அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா பூவைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியும் போட்டுக்கொள்ளவில்லை. ஓர் இலையைக் கிள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நுனியிலிருந்து அடிக்கு ஒரு இழுப்பு இழுத்தார். “இதுதான் கையாந்தரை. எங்கடா கெடச்சுது?” என்றார்.

அப்புறம் தொட்டிச் செடியிலிருந்தும் ஓர் இலை கொடுத்தேன். அதையும் அப்படியே இழுத்துப் பார்த்துவிட்டு, “இது வழுக்குது பாரு” என்றார். போன மாதம் ‘தெரியுது, அவ்வளவுதான்’ என்று சொன்னாரே, அது இந்த விரலில் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பாட்டியோடு நடவு வயலுக்குச் சோறு கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது, வரப்பில் நடந்துகொண்டே மடியில் பறித்துப் போட்டுக்கொண்டு வருவார்களாம். அந்தி மயங்கிய பிறகு பறித்தால் பூவெல்லாம் எங்கே தெரியும் என்று கேட்டார்.

கடைத் தொட்டியைக் காயப் போட்டுவிட்டேன். அதே தொட்டியில் ஒன்பது துண்டு படுக்க வைத்திருக்கிறேன். கீரை சமைக்க இன்னும் இரண்டு மாதம் ஆகட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

குடமுருட்டிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஊர்ப் பையன்கள் நான்கு பேரோடு பாலத்தடியை ஒரே நாளில் சுத்தம் செய்தோம். ஆறு சாக்கு வந்தது. களத்தில் காயப் போட்டு, சருகான பிறகுதான் எரித்தோம். மண்டபத்துக்காரரிடம் நேரில் பேசினேன். செடியை எடுக்க மனமில்லை என்றார், ஆனால் வெட்டியதை இனி வாய்க்காலில் கொட்ட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார். இப்போதைக்கு அதுவே பெரிது.

இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். பாலச் சுவர் இடுக்கில் இரண்டு கணு துளிர்த்திருந்தன, எடுத்துவிட்டேன். பாலத்துக்கும் மதகுக்கும் நடுவில், கரை உள்வாங்கிய ஓரிடத்தில் நான்கு இலையோடு ஒரு சின்னச் செடி ஒதுங்கியிருக்கிறது. காது இல்லை, அகலம் 1.8. தடவினால் சொரசொரப்பு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. பிடுங்கவில்லை. பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு வந்திருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

இலைநரம்பு:

நல்ல வேளை பிடுங்கவில்லை. நான்கு இலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னும் ஆறு இலை விடட்டும். அதுவரை அதிலிருந்து கொடி நீண்டு தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இலையின் அடிப்புறத்தையும் எடுத்துப் போடுங்கள்.